கேமராவும் கையுமாகக் காது குத்தின கதை

ஒரு விஷயத்தை வகுப்பில் நடத்துகிறவனுக்கு அந்த விஷயம் வெளியிலும் அடங்கி நடக்கும் என்று நம்புகிற ஆட்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் வாத்தியார்களாக இருப்பார்கள். நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் இன்னொரு பொருளோடு ஏன் ஒட்டுகிறது என்பதைக் கரும்பலகை நிறையப் படம் போட்டு விளக்குவேன். (பின்பெஞ்சு தூங்கும். அது வேறு விஷயம்.) ஆகவே ஒட்டுகிற சமாச்சாரத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு.

அப்போது என்னிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய ரகம். போனில் படம் எடுக்கிற பழக்கம் ஊருக்குள் இன்னும் வந்து சேராத காலம். அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் டீக்கடையில், "எந்தப் பத்திரிகை சார்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். லேசாகச் சிரித்துவைப்பேன்.

அந்தக் கேமராவுக்கு ஒரு சீக்கு வந்தது. வலது கையால் பிடிக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கும் என் உள்ளங்கை வியர்வைக்கும் அது ஊறி உப்பி, ஓரம் தூக்கிக்கொண்டு, பழைய செருப்பின் அடி மாதிரி வாயைப் பிளந்துவிட்டது. உள்ளே பழைய பசை பிசுபிசுவென்று கிடந்தது. தொட்டால் விரலில் வரும், விரலிலிருந்து சட்டைக்கு வரும், சட்டையிலிருந்து அம்மா வாய்க்கு வரும்.

கேமரா ரிப்பேர் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன்.

"ரப்பர் சென்னைலருந்து வரணும் சார். சொல்லிவிடுறேன். வந்தா வரும்."

"வந்தா வருமா?"

"வரலைன்னா வராது சார்" என்றார் கடைக்காரர், ஒளிவுமறைவு இல்லாமல்.

ஒரு துண்டு ரப்பர் ஒட்டுவதற்குச் சென்னையா! நானே ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறந்திருக்கக் கூடாது, திறந்துவிட்டேன். மெக்கானிக்கல் துறைத் தலைவர் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் என்றார். ஆபீஸ் கிளார்க் புளியங்கொட்டைப் பசைக்கு ஈடு இணை இல்லை என்றார். வேதியியல்காரர் ரப்பரை முகர்ந்து பார்த்து, "அடிப்படையில இது ஒரு பாலிமர்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

யார் சொன்னதையும் நான் கேட்கவில்லை. முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வெட்டி ஒட்டினேன். மத்தியான வெயிலில் ரப்பர் மெதுவாக நகர்ந்து கேமராவின் முதுகுக்குப் போய்விட்டது. அடுத்து, செருப்புக்குப் போடுகிற மஞ்சள் பசை. இந்தத் தடவை வேறு கோளாறு: ஊறிப்போன ரப்பர் அது உட்கார வேண்டிய இடத்தைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது. பிளேடால் ஓரத்தை நறுக்கினேன். பசை காய்ந்ததும் ரப்பர் சுருங்கி, இடத்தைவிடச் சிறிதாகிவிட்டது. முதலில் ரப்பர் அதிகம், பிறகு கேமரா அதிகம்.

இந்த லட்சணத்தில்தான் கலா அக்கா மகள் ஹரிணிக்குக் காதுகுத்து வந்தது. மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயில் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறது. மச்சானின் அப்பா ஒரு ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லிவிடலாம் என்றார். நான் விடவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் வெளிச்சத்தை எப்படிக் கொலை செய்கிறார்கள் என்று அவருக்கு நீண்ட நேரம் விளக்கினேன். சம்பந்தி வீட்டுப் பையன் என்பதால் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீ தாய்மாமன்டா. புள்ளைய மடியில வச்சு உக்காரணும். போட்டோ எப்படி எடுப்ப?" என்றார் மச்சான்.

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன் மச்சான்" என்றேன். (என் வாழ்க்கையில் பெரிய சேதங்கள் எல்லாம் இந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் நடந்திருக்கின்றன.)

காதுகுத்து அன்று காலை வேனில் போகும்போது ரப்பர் மறுபடி வாயைப் பிளந்தது. நான் கலங்கவில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன டியூப் இருந்தது, தொட்டால் ஒட்டிக்கொள்கிற பசை. கோயில் வந்ததும் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, ரப்பருக்கு அடியில் பிதுக்கினேன். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கவும் என்று டியூபில் போட்டிருந்தது. அங்கேதான் என்னுள் இருந்த இயற்பியல் விழித்துக்கொண்டது. வெறுமனே அழுத்துவதைவிட, படம் எடுக்கும்போது எப்படிப் பிடிப்பேனோ அப்படியே பிடித்தால் ரப்பர் என் கைக்கு ஏற்ற வடிவத்தில் உறையும் அல்லவா? எவ்வளவு அழகான யோசனை! உள்ளங்கை பதிய, விரல்கள் வளைய, ஆள்காட்டி விரல் பொத்தான் மேல் இருக்க, இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுருங்கின ரப்பரின் ஓரத்தில் இடைவெளி இருந்தது, பிதுங்கின பசைக்கு அதுதான் வாசல் என்பதை நான் யோசிக்கவில்லை.

ரப்பர் பிரமாதமாக ஒட்டியிருந்தது. நானும்தான்.

முதலில் பதறவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தேன். கேமரா 'க்ளிக்' என்றது. திருகிப் பார்த்தேன். 'க்ளிக்.' அதற்குள் அக்கா தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏலே, இங்க என்ன பண்ற? சீர் கெளம்பிருச்சு, எல்லாரும் ஒன்னயத்தான் தேடுறாக."

"வாரேன் வாரேன்."

தாய்மாமன் சீர்த் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வரவேண்டும். நான் இடது கையாலும், வலது பக்கம் கேமராவாலும் ஏந்தினேன். மேளத்துக்கு முன்னால் நடந்து வந்தபோது தட்டில் இருந்த ஆப்பிள் ஒன்று லென்ஸ் மேல் உருண்டுவந்து உட்கார்ந்துகொண்டது. சம்பந்தி வீட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேமராவக் கீழ வைக்க மனசு வரல பாரேன்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கு. எறக்கக் கூடாது" என்றேன் பொதுவாக, ஒரு கலைஞனின் முகத்தோடு.

அடுத்தது விபூதி. பூசாரி தட்டோடு வந்து நின்றார். இடது கையை நீட்டினால் கோயிலைவிட்டே துரத்திவிடுவார்கள். வேறு வழியில்லாமல் வலது கையை நீட்டினேன். அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"புதுசா வாங்கினதா தம்பி? மொதல்ல சாமிகிட்ட கொண்டாந்தியே, நல்லாயிருப்ப" என்று லென்ஸில் விபூதியைப் பட்டையாக இழுத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். லென்ஸுக்கு மேலே செருகுவதற்குப் பூவும் கொடுத்தார். கேமராவுக்குக் கிடைத்த அனுக்கிரகத்தில் பாதிகூட அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் அந்த நேரம் வந்தது. மனையில் உட்கார்ந்தேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஹரிணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். குழந்தை ஏற்கனவே மொட்டைக்கு அழுது முடித்து, காதுக்கு அழ ஆயத்தமாக இருந்தது. ஆசாரி தங்க ஊசியோடு எதிரில் குந்தினார்.

மச்சானின் அப்பா குனிந்து, "தம்பி, தாய்மாமன் ரெண்டு கையாலயும் புள்ளையப் புடிக்கணும். அத யார்ட்டயாவது குடுங்க" என்றார்.

"இருக்கட்டும் மாமா. நான் இப்படியே புடிச்சுக்குறேன்."

"தலைய அசைச்சா ஊசி வேற எங்கயாவது எறங்கிரும்ப்பா" என்றார் ஆசாரி.

இடது கையால் தலையையும், கேமராவால் வயிற்றையும் அணைத்துப் பிடித்தேன். ஆசாரி குறிபார்த்து ஊசியைக் காதருகே கொண்டுவந்தார். ஹரிணி திமிறினாள். என் விரல் அழுந்தியது. ஆசாரியின் இரண்டு கண்ணுக்கும் நேராக, கைக்கெட்டும் தூரத்தில், ஃபிளாஷ் வெடித்தது.

"ஆத்தீ!" என்று அவர் மல்லாந்துவிட்டார். ஊசி எங்கோ தெறித்தது. ஒரு கணம் மேளம்கூட நின்றுபோனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அக்கா காதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. 

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வேப்பமரமே கருகியிருக்கும். "அதத் தூக்கி எறிடா மொதல்ல!"

"முடியாதுக்கா."

"முடியாதா?"

"ஒட்டிக்கிச்சு" என்றேன். கையை உயர்த்திக் காட்டினேன். உதறினேன். கேமரா விழவில்லை, குங்குமம்தான் விழுந்தது.

 உடனே எல்லாரும் டாக்டர் ஆனார்கள். நல்லெண்ணெய், மோர், உப்பு, மண்ணெண்ணெய், பழுத்த வாழைப்பழம் என்று ஆளுக்கொன்று வந்தது. எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டும் பார்த்தார்கள். மச்சான் கேமராவையும் அவருடைய சித்தப்பா என் இடுப்பையும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே இழுத்தார்கள். ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு 'க்ளிக்'.

"வாத்தியாரா இருக்காராம்ல" என்றது ஒரு குரல். "என்ன பாடம்?" என்று இன்னொரு குரல் கேட்டது. நல்லவேளையாக அம்மா பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் சுலோச்சனா மதினி எழுந்து வந்தார். மச்சானின் அக்கா, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. அன்று காலையில்கூட நகத்தில் சாயம் பூசி வந்த இரண்டு பெண் பிள்ளைகளை வேனிலேயே நிற்க வைத்து, "படிக்கிற புள்ளைகளுக்கு இது எதுக்கு?" என்று வறுத்தெடுத்திருந்தார். அவர் வந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. எனக்கும் அதே பூசைதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மதினி கைப்பையைத் திறந்தார். உள்ளே துழாவினார். ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்தார். நகச்சாயம் அழிக்கிற திரவம்.

அந்தப் பெண் பிள்ளைகள் இரண்டும் வாயைப் பிளந்தன. மதினி யாரையும் பார்க்காமல் பஞ்சில் நனைத்து, என் விரல் ஒவ்வொன்றாக விடுவித்தார். எரிந்தது. "அசையாத" என்றார். ஆறாம் வகுப்புப் பையனாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "கால் வெரலுக்கு மட்டுந்தான் போடுவேன்" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கல மதினி."

"கேட்டா பிச்சிருவேன்."

கை வந்துவிட்டது, கொஞ்சம் தோலைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு. ஆனால் மருந்து பசையோடு நிற்கவில்லை. ரப்பர் கூழாகிவிட்டது. கேமராவின் கறுப்புப் பூச்சு கரைந்து, எழுத்துகள் எல்லாம் அழிந்து, வழுக்கைத் தலையாக நின்றது. ஹரிணிக்கும் அதற்கும் ஒரே நாளில் மொட்டை என்றார் மச்சான்.

ஆசாரி கண்ணைக் கழுவிக்கொண்டு, என்னை இரண்டு ஆள் தள்ளி உட்காரச் சொல்லலாமா என்று கேட்டார். தாய்மாமன் மடிதான் வேண்டும் என்று மச்சானின் அப்பா பிடிவாதமாக நின்றுவிட்டார். அந்த மனுஷருக்கு என் மேல் இருந்த கோபத்தைவிட முறைமேல் இருந்த மரியாதை பெரிது. வாழைப்பழம், மண்ணெண்ணெய் வாசனையோடு இரண்டு கையாலும் குழந்தையை ஏந்திக்கொண்டேன். காது குத்தியாயிற்று.

படங்களை வீட்டில் போட்டுப் பார்த்தோம். வேப்பமரத்தின் அடிப்பாகம், என் வேட்டி, ஆப்பிள், ஆசாரியின் திறந்த வாய், வானம், மறுபடி என் வேட்டி. ஆப்பிளுக்குப் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் குறுக்கே மூன்று பட்டை விபூதி. ஹரிணியின் காதுகுத்து ஆல்பம் இன்றுவரை அதுதான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து, அவனுக்குக் காது குத்தினபோது, நான் மனையில் உட்காரப் போக, மச்சான் மறித்துக்கொண்டு, "மாப்ளே, மொதல்ல கையக் காட்டு" என்றார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துச் சபைக்குக் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கடுத்து வேறொரு வீட்டுக் காதுகுத்தில், ஒரு பாவமும் அறியாத வேறொரு தாய்மாமனையும் அப்படிக் காட்டச் சொன்னார்கள். அப்புறம் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அது நடந்தது. சிரிப்பு வரவரக் குறைந்தது. கை காட்டுவது மட்டும் நிற்கவில்லை.

சமீபத்தில் நிலக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் இளவட்டம், அந்தக் கேமரா காலத்தில் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்கமாட்டான். மனைக்கு முன்னால் நின்று தானாகவே இரண்டு கையையும் விரித்தான். பூசாரி ஒவ்வொரு உள்ளங்கையிலும் சந்தனம் வைத்தார். புதுச் சம்பந்தி ஒருவர், எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "இது என்னங்கய்யா மொறை? எங்க பக்கம் இல்லையே" என்று கேட்டார்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது எங்க வம்சத்துல ஆதியிலருந்து இருக்கு. தாய்மாமன் கள்ளங்கபடம் இல்லாம வந்திருக்கேன்னு சாமிக்குக் கையக் காட்டுறது. செய்யாம விட்டா புள்ளைக்கு ஆகாது."

"நல்ல மொறைங்க" என்றார் சம்பந்தி, நெகிழ்ந்துபோய்.

பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து, பயபக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டேன்.