நீர்யானையும் அப்பாவின் மீசையும்

சேசு மரி சூசை துணை.

தூத்துக்குடி,
14 மார்ச் 1947

கொழும்பில் சுகமாக இருக்கும் தேவதாசன் மாமா அவர்களுக்கு, மருமகன் சத்தியராஜ் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அப்பாவின் மீசையும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதமே!

மாமா, நம்மூருக்கு நீர்யானை வந்திருக்கிறது! மொம்பாசாவிலிருந்து சர்க்கஸுக்குப் போகிறதாம். கப்பலிலிருந்து கூண்டோடு தோணியில் இறக்கியபோது தோணி ஒருபக்கம் சாய, ஆட்கள் மறுபக்கம் சாய, கரையே ஓவென்று கத்தியது. ரயில் வேகன் வரும்வரை சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் உள்ள குளத்தில் விட்டு, நடுவில் இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள். கூடவே வந்த காயல்பட்டினத்து மூஸா நெய்னாதான் அதற்குத் தாயும் தகப்பனும். உடம்பு எண்ணெய்ப் பீப்பாய், கால்கள் பீப்பாய்க்கு முட்டுக்கொடுத்த கட்டைகள். வாயைத் திறந்தால் அலமாரி திறந்தது போல, உள்ளே முழநீளப் பல். அத்தனை பல்லையும் வைத்துக்கொண்டு தின்பது புல்! முங்கினால் மூக்கும் காதும் தாமே மூடிக்கொள்ளும். எனக்கும் அப்படி ஒரு காது இருந்தால் கணக்கு வகுப்பில் எவ்வளவு நிம்மதி! பெயரில் யானை, தும்பிக்கை கிடையாது. பெயரில் நீர், நீந்தத் தெரியாது.

"ஆமா தம்பி, நீந்தாது. அடித்தரையில நடந்துதான் போவும்" என்றார் மூஸா நெய்னா. அங்கேதான் வினை பிடித்தது. நம் அப்பாவும் கல்லைப் பிடித்துக்கொண்டு அடித்தரைக்குப் போய் முத்துக் குளிக்கிறவர்தானே! "அப்போ இது நம்ம தொழிலுக்காரம்லா! பாப்போம், யாருக்கு மூச்சு கூடன்னு. தோத்தா மீசைய எடுத்திருதேன்!" என்று கூட்டாளிகள் முன்னால் சொல்லிவிட்டார்.

நம் தோணிகளில் மூச்சைக் கடிகாரம் வைத்தா அளக்கிறோம்? முங்கி எழுவதற்குள் மாதாவுக்கு மங்கள வார்த்தை செபம் எத்தனை சொல்லி முடிகிறது என்றுதானே கணக்கு. கோயில் உபதேசியார் ஜீவமணி செபமாலையோடு கரையில் உட்கார்ந்தார். வேலிக்கு அந்தப்பக்கம் அது முங்க, இந்தப்பக்கம் அப்பா முங்கினார். ஆறாவது செபத்தில் அப்பா கண் சிவந்து மேலே வந்தார். அது வரவில்லை. பத்து. பதினைந்து. "செத்துப்போச்சா வே?" என்றார் அப்பா ஆசையாக. "உறங்குது ரோச் அண்ணாச்சி. உறக்கத்துலயே மேல வந்து மூச்சு விட்டுட்டு, முழிக்காமலே கீழ போயிரும்" என்றார் மூஸா நெய்னா. இருபதாவதில் புஸ்ஸென்று மூக்கு மட்டும் வெளியே வந்தது. கூட்டாளிகள் நாவிதரைக் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அவர் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அப்பா மீசையைக் கையால் மூடிக்கொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை மாமா. இந்தக் கரையில் தன்னைவிட மூச்சுள்ளவன் இல்லை என்று இருபது வருஷமாக முறுக்கிய மீசை அது!

நான் சும்மா இருப்பேனா? "உபதேசியாரே, ஞானஸ்நானம் வாங்காத மிருகத்துக்கு மங்கள வார்த்தை செல்லுமா?" என்று ஒரு போடு போட்டேன். அவர் தாடையைத் தடவி, "ஏலே, அது யோசிக்கவேண்டிய..." என்று இழுப்பதற்குள், நீர்யானை முழித்துக் கரையோரம் வந்து திரும்பி நின்று, சாணி போட்டபடியே குட்டை வாலை விசிறி போலச் சுழற்றியது. அது அவ்விடத்தைத் தன் இடம் என்று அறிவிக்கிற வழக்கமாம். உபதேசியாரின் வெள்ளை அங்கியும் அதன் இடமாகிவிட்டது. "அஞ்ஞானிச் சென்மம்! ஒரு செபம்கூடச் செல்லாது! ரோச்சுதான் செயிச்சான்!" என்று தீர்ப்பளித்துவிட்டு ஓடினார். நாவிதர் கத்தியை மடக்கினார். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்கச் சுற்றினார்.

மெட்டில்டா மாமிக்கு என் வணக்கத்தைச் சற்றே தாழ்ந்து குனிந்து சொல்லவும். மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக, என்னையும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
சத்தியராஜ்

பி.கு.: மாமா, இந்தப் பகுதியை மட்டும் கிழித்து விழுங்கிவிடுங்கள். அது கரையிறங்கிய அன்று வெயிலில் உடம்பெல்லாம் சிவப்பாக வழிந்தது. இரத்தம், சாகப்போகிறது என்று பயந்து, சாகும் தறுவாயில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேசியார் சொல்லித்தந்தபடி, மூன்று முறை தண்ணீர் ஊற்றி வாசகத்தையும் சொல்லிவிட்டேன். பிறகுதான் மூஸா நெய்னா, "இரத்தமில்ல தம்பி, வெயிலுக்கு அதுவே ஊறவிடுத எண்ணெய்" என்றார். ஆக, இருபது செபமும் செல்லும்; அப்பா தோற்றதுதான். கொழும்பு நாடகக்காரர்களிடம் ஒட்டுமீசை ஒன்று வாங்கி வைக்கவும். கூடவே எனக்கு ஒரு தாடி. பெண் நீர்யானை என்றார்கள். அவசரத்தில் வாயில் வந்த பெயர் மெட்டில்டா.