ரொட்டிப் பலகையில் அண்ணன் முகம்

நமுனுகுல,
செவ்வாய்க்கிழமை

வெலிமடையில் மகள் வீட்டில் இருக்கும் அன்புள்ள அண்ணன் செல்லமுத்து அவர்களுக்கு, தம்பி அங்கமுத்து யாரையும் கெஞ்சாமல் தன் கையாலேயே எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கு உங்கள் முழங்காலும் லீக்ஸ் பாத்தியும் சுகமாக இருக்கக் கதிர்காமத்து முருகனை வேண்டுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் ஒரு கோப்பை பிளேன்டி ஆறிவிட்டது.

இந்த வயதில் நான் எழுத்துப் படித்த அதே மண்டபத்தில், பதுளையிலிருந்து ஸுலைஹா டீச்சர் வந்து, பலகையில் படம் செதுக்கி மை பூசித் தாளில் அச்செடுக்கப் பழக்குகிறார். போன வருடம் ஆறு பேர், இப்போது மூன்று தோட்டத்திலிருந்து முப்பது பேர். "ஊர் ஊருக்கு ஒரு அச்சுப் பாணி இருக்கு ஐயா, நம்ம ஊவா மாகாணத்துக்கும் ஒண்ணு வரட்டுமே" என்கிறார். இயந்திரம் இல்லாததால் தாளை அகப்பையின் முதுகால் தேய்க்கிறோம். அதனால் எங்கள் கறுப்பு, மலையில் மேகம் இறங்கியது போலத் திட்டுத் திட்டாக விழுகிறது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் இதுதான் ஊவாப் பாணி என்று குறித்துக்கொண்டு போனார்கள். அது அகப்பை என்று நாங்கள் சொல்லவில்லை.

எனக்குத்தான் பலகை இல்லை. தேயிலை இப்போது காகிதச் சாக்கில் போகிறது, பழைய பெட்டிப் பலகையெல்லாம் முதல் ஆறு பேர் எடுத்துவிட்டார்கள். ஆகவே மருமகள் விஜயலெட்சுமி கொழுந்தெடுக்கப் போன நேரம் அவளுடைய ரொட்டிப் பலகையை எடுத்து, நாற்பது வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கையல்லவா, உங்கள் முகத்தைச் செதுக்கினேன். நமக்கு ஒரே மூக்கு, ஒரே மீசை. உங்கள் மச்சம் இடது கன்னத்தில், என்னுடையது வலதில், ஆத்தாவே அதைப் பார்த்துத்தான் பெயர் சொல்லும், அதனால் மச்சத்தை மறக்காமல் உங்கள் பக்கமே வைத்தேன். கை கழுவப் போய் வருவதற்குள் அவள் வேலை முடிந்து வந்து, அவசரத்தில் பார்க்காமல் அதிலேயே மாவைத் தட்டிக் கல்லில் போட்டுவிட்டாள்.

"மாமா, ரொட்டியில எதுக்கு ஒங்க மூஞ்சி?"

"என் மூஞ்சி இல்லம்மா, பெரிய மாமா."

"ஐயையோ, பெரிய மாமாவையா சுட்டேன்? மீசை கருகிருச்சே!"

தேங்காய்ச் சம்பலுடன் உங்களைச் சாப்பிட்டோம். குறை சொல்வதற்கில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை பதுளையில் கண்காட்சி. உயிரோடிருப்பவர் முகத்தைப் பெயர் போட்டு மாட்ட அவர் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம், இல்லாவிட்டால் என் படம் சுவருக்கு வராது. வேறு செதுக்கவும் வழியில்லை, விஜயலெட்சுமி அம்மியைத் தவிர எல்லாவற்றையும் ஒளித்துவிட்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் "வாடா கைநாட்டு" என்று கூப்பிட்ட கங்காணி நீங்கள். அந்தக் கைநாட்டு தன் கையாலேயே எழுதிய பெயர் படத்துக்குக் கீழே இருக்கும். அதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும் அண்ணே, வேறு ஆசை இல்லை. சம்மதம் எழுதி அனுப்புங்கள். கை நடுங்கினால் பெருவிரலை மையில் தொட்டு அழுத்துங்கள். அதுவும் அச்சுதான் என்று டீச்சர் சொன்னார்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முழங்கால் நோகாமல் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடும் தம்பி,
அங்கமுத்து (கையெழுத்து)

பின்குறிப்பு: இன்று புதன். வெலிமடை பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்பும் முன், முதல் தாளை அச்செடுத்தோம். தாளில் இடம் வலமாகிவிட்டது, மச்சம் என் பக்கம் வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் "அங்கமுத்தண்ணே, ஒங்கள அப்படியே செதுக்கிட்டீங்களே!" என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டு, "அப்ப சம்மதத்த நீங்களே எழுதிக் குடுங்க ஐயா" என்றார், எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்தால் போதும். படத்துக்குப் பக்கத்தில் நின்றால் உங்களைத்தான் அங்கமுத்து என்று பாராட்டுவார்கள். மச்சத்தை மட்டும் கையால் மூடிக்கொள்ளுங்கள்.