பாயிண்ட் பார்த்த டிப்ளமோக்காரன்

கணினித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் வீதிக்கு இருவர் இருப்பார்கள். ஆனால் கணினியின் கோளாறைத் தேங்காய் கொண்டு கண்டுபிடித்தவன் உலகத்திலேயே ஒருவன்தான் என்பதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். அவனுடைய பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். இராசிபுரம் பக்கத்துப் பாலிடெக்னிக் விடுதியில் மூன்றாண்டுகள் என் அறைத்தோழனாக இருந்த அவனை நாங்கள் எல்லோரும் 'பாயிண்ட்' என்றே அழைத்தோம்.

காரணம், குடும்பத் தொழில். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வருவதற்கு முன், எங்கள் ஊர்க் காடு தோட்டங்களுக்கு, தண்ணீர் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பாயிண்ட் பார்ப்பவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். எங்கே தேங்காய் எழுந்து நிற்கிறதோ அங்கே தண்ணீர். வெண்ணந்தூர் வட்டாரத்தில் இவனுடைய அப்பா இதில் பெயர் பெற்றவர்.

இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள், ஆய்வகத்தில் ஒரு வரிசைக் கணினிகள் முழுவதும் இணைப்பை இழந்தன. துறைத் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. பாயிண்ட் மெல்ல நழுவி, விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு தேங்காயுடன் திரும்பினான். சிரிக்கலாமா கூடாதா என்று நாங்கள் முடிவெடுப்பதற்குள் வரிசையைச் சுற்றி நடந்து முடித்துவிட்டான். மூலை பீரோவருகே தேங்காய் விசுக்கென்று நிமிர்ந்தது. பீரோவை நகர்த்தினோம். பின்னால் எலி கடித்த கேபிள். துறைத் தலைவர் கைகூப்பினார். கேபிளுக்கா, தேங்காய்க்கா, எலிக்கா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

அன்று முதல் விடுதியில் சட்னி நீர்த்துப்போனது. தேங்காய்கள் எல்லாம் கணினிப் பணிக்குப் போயின. வார்டன் ஒருநாள் அறைக்கே வந்தார்.

"ஏஞ் சாமி, எம்பட செயினு எங்கியோ உழுந்துபோச்சு. கொஞ்சம் பாரேன்."

"கம்ப்யூட்டருக்கு மட்டுந்தானுங்க. நகைக்கெல்லாம் வேற காயிங்க."

நான் இதை எதிர்த்தேன். தொழில்நுட்பம் பயிலும் ஒரு தலைமுறை தேங்காயை நம்பத் தொடங்கினால் சமூகத்துக்கு நேரும் விளைவுகள் யாவை என்று இரண்டு பக்கம் எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.

"அருமையா எழுதிருக்கறீங்க. அந்தப் பையன வரச்சொல்லுங்க. ஒரு வாரமா என்ற பிரிண்டர் ஓடல."

படிப்பு முடிந்தது. டிப்ளமோவுக்குப் பின் இரண்டு வழிகள் என்றார்கள்: நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்வது, அல்லது வேலை. நான் முதல் வழியில் போனேன். பாயிண்ட்டின் முன்னால் மூன்றாவது வழியாக அவன் அப்பா நின்றார். "ஆடி பொறக்கறதுக்குள்ள கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு ஆர்டரக் கொண்டா. இல்லீன்னா எங்கூடக் காட்டுக்கு வா."

ஆனி முடிய நான்கே நாட்கள். பெங்களூரு நிறுவனங்கள் பி.இ. கேட்டன, ஓசூர் பதிலே சொல்லவில்லை. எஞ்சியது நாமகிரிப்பேட்டை அருகே ஒரு கோழித் தீவன ஆலை. மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் கணினி சொல்லும் எடையில் கலக்கும் ஆலை.

"டேய், இது இன்டர்வியூ. தேங்காயோட போனா வாட்ச்மேனே உள்ள உடமாட்டான்" என்று எச்சரித்தேன். சத்தியம் செய்தான். நம்பாமல் பையைச் சோதித்துவிட்டு, நானும் உடன் போனேன்.

ஆலை நின்றுபோயிருந்தது. வாசலில் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. கணினியைச் சுற்றி முதலாளி, மைத்துனர், எலக்ட்ரீஷியன், இரண்டு லாரி ஓட்டுநர்கள். பேச்சு மட்டும் ஐம்பது பேருக்கானது.

"கம்ப்யூட்டரே போச்சு மச்சான், புதுசு வாங்கோணும்!" என்றார் மைத்துனர்.

"நான் கொஞ்சம் பாக்கட்டுங்களா?" என்றான் பாயிண்ட்.

"என்ன படிச்சிருக்கற கண்ணு?" என்று கேட்டார் முதலாளி.

"டிப்ளமோங்க."

"பி.இ. படிச்சவனே காலைல பாத்துட்டுக் கையக் கழுவிட்டான். ஓரமா நில்லு சாமி."

மூன்று முறை நெருங்கினான். மூன்று முறையும் மைத்துனரின் முழங்கை அவனைத் திருப்பி அனுப்பியது. பிறகு என்னைப் பார்த்தான். சமூக விளைவுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவனாகிய நான், எதிரே இருந்த பிள்ளையார் கோயில் கடைக்கு ஓடினேன்.

தேங்காய் அவன் கையில் ஏறிய கணத்தில் ஆலை அடங்கியது. முதலாளி செருப்பைக் கழற்றினார். வாயெடுத்த மைத்துனரை, "கம்முனு இரு மாப்ள, காயி பாக்கறாங்கல்ல!" என்று அதட்டினார். முதன்முறையாக நான் தேங்காயை விட்டு அவன் கண்களைப் பார்த்தேன். அவை கட்டுப்பாட்டுப் பெட்டியின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தன. எடைத் தொட்டியின் அடியில் காலால் ஓர் ஒயரை அசைத்தான். திரையில் எண் துள்ளியது. அதன் பிறகே தேங்காய் எழுந்தது. ஒயர் சேரும் பெட்டியில் ஈரம் ஏறிச் செம்புக் கம்பிகள் பச்சை பிடித்திருந்தன. சுரண்டி, துடைத்து, இறுக்கினான். ஆலை உறுமியது. லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள்.

"அப்ப அந்தக் காயி?" என்று அவன் காதைக் கடித்தேன்.

"கட்டைவிரல்ல ஒரு அமுக்கு அமுக்குனா எந்திரிக்கும்டா. டிப்ளமோக்காரன் சொன்னா எவன் கேக்கறான்? காயப் புடிச்சா பத்து நிமிசம் பேசாம நிக்கறாங்க. எனக்கு அது போதும்."

அவனை நம்பாதவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். பையைக்கூடச் சோதித்திருந்தேனே.

முதலாளி லெட்டர்பேடை எடுத்தார். "நாளைக்கே வந்துரு சாமி. ஆர்டர்ல பாயிண்ட் பாக்கறவர்னே போட்டர்லாமா?"

எதற்கும் சிரிக்கும் பாயிண்ட் இதற்குச் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர் டெக்னீசியன்னு போடுங்கய்யா. அப்பாகிட்டக் காட்டோணும்."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தாளை ஏழு முறை படித்தான். எட்டாவது முறை பாதியில் என் தோளிலேயே தூங்கிப்போனான். விரல்கள் தளர்ந்தன, காற்று தாளை இழுத்தது. இராசிபுரம் வரும்வரை அதை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.