கூலிங் கிளாஸ் மாப்பிள்ளையும் தருமபுரத்து மயிலும்

மயிலிடம் அடி வாங்கிய மாப்பிள்ளை என்று காரைக்காலில் யாராவது உண்டென்றால் அது நான்தான். இத்தனை வருடம் இதை எழுதாததற்கு வெட்கம் காரணமல்ல. என் மனைவி வீட்டார் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டதால், எழுத மிச்சம் எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் போனேன். பெட்டியில் நாலு சட்டை, மூணு கைலி, துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய ஒரு கூலிங் கிளாஸ். சாதாரணக் கூலிங் கிளாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளப்பது! எதிரே நிற்கிறவர் அதைப் பார்த்தே தலை வாரிக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்ற மாட்டேன். (இருட்டில் இரண்டு முறை நிலைப்படியில் முட்டிக்கொண்டது தனிக் கதை.)

எல்லாம் ஜுலைகாவுக்காகத்தான். கல்யாணமாகி ஒன்பது நாள் ஆகியும் புதுப்பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "டீயில சர்க்கரை கம்மியோ?" என்று கேட்டால் தலையாட்டுவாள். "ஒன் பேரென்ன?" என்று கேட்டும் பார்த்தேன். அதற்கும் தலையாட்டினாள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாமலே கிழவனாகிவிடுவேனோ என்று எனக்கு உள்ளூரக் கிலி.

வீடு காரைக்கால் ஓரத்துத் தருமபுரத்தில், புதிதாய் மனை போட்ட இடத்தில் இருந்தது. முள்ளுக்காட்டை அழித்துவிட்டார்களே தவிர, அதிலிருந்த மயில்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவை மதில்மேல் உலாத்தின, தண்ணீர்த் தொட்டிமேல் தூங்கின, பெண்ணைப் பெற்ற மாமி காயவைத்த வடகத்தைத் தின்றன. ஆன்டெனாவில் ஒன்று உட்கார்ந்தால் இலங்கை டிவியில் மழை பெய்யும்.

அந்த வீட்டில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. எவர்சில்வர் குடத்தை வெயிலில் கவிழ்த்தால் மேலே சாக்கைப் போடுவார்கள். வந்தவர் ஸ்கூட்டர் கண்ணாடிக்குத் துண்டைச் சுற்றுவார்கள். 'பொருளைப் பொத்திப் பொத்தி வைக்கிற கஞ்சக் கூட்டம்' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அறிவாளி!

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து மாப்பிள்ளை விருந்து. வாசல் பந்தலில் ஆண்கள், கொல்லைப் பந்தலில் பெண்கள், சஹன் என்கிற பெரிய தட்டுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி. கை கழுவும் சாக்கில் நான் கிணற்றடிக்குப் போனேன். அடுப்படி ஜன்னலில் ஜுலைகா நின்றிருந்தாள். இடுப்பில் கை வைத்து, கண்ணாடி மின்ன, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். மதில்மேல் தோகை விரித்திருந்த மயில் ஒன்று என்னையே உற்றுப் பார்த்தது. 'மயிலுக்கே பிடித்துவிட்டது' என்று பூரித்துப்போனேன்.

அடுத்த நொடி அது என் மார்பில் இருந்தது.

ஐயோ, அந்த நகம்! கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினேன். நாலடிக்கு ஒருதரம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். திரும்பும்போதெல்லாம் அதற்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. வேறு வழியில்லாமல் ஆண்கள் எட்டிப் பார்க்கவும் கூடாத கொல்லைப் பந்தலுக்குள் பாய்ந்தேன். பின்னாலேயே மயிலும் பாய்ந்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அலறினார்கள். என் ஒரு கால் யாருடைய சஹனிலோ இறங்கியது.

"யா அல்லா! மாப்புளே, பிரியாணி!" என்று மாமி கத்தினார். (என்னைப் பற்றிய கவலை பிரியாணிக்கு அப்புறம்தான்.)

அப்போது அடுப்படியிலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"கண்ணாடியக் கழட்டுங்க மச்சான்! கண்ணாடியக் கழட்டுங்க!"

கழற்றிக் கைலிக்குள் ஒளித்தேன். மயில் அப்படியே நின்றது. தன்னை முறைத்த இரண்டு மயில்களும் எங்கே போயின என்று அங்குமிங்கும் தேடியது. பிறகு சிதறிக் கிடந்த சோற்றில் நாலு வாய் கொத்திவிட்டு, விருந்துக்கு வந்த பெரிய மனுசன் போல நடந்து போனது. பந்தலே வயிறு குலுங்கச் சிரித்தது.

சாயங்காலம் ஜுலைகா என் நெஞ்சுக் கீறலுக்கு மருந்து போட்டாள்.

"பளபளன்னு எதுல தன் உருவம் தெரிஞ்சாலும் வேற மயிலுன்னு சண்டைக்கு வருங்க. அதான் கொடத்தயெல்லாம் மூடி வைக்கிறோம்."

"இத மொத நாளே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் பாத்தேன். புருசன்கிட்ட பேசுற மொதப் பேச்சே கண்ணாடியக் கழட்டுங்கன்னா இருக்குறதுன்னு கூச்சமா இருந்துச்சு. வேற நல்ல பேச்சா யோசிச்சேன். ஒம்பது நாளாயும் ஒண்ணும் தோணல."

நெஞ்சு எரிந்தது. ஆனால் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமானவன் காரைக்காலில் இல்லை. அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

போன மாதம் பேத்தியைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், அந்தக் காலத்தில் நான் எவ்வளவு தைரியசாலி என்று அளந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அதே குரல் வந்தது.

"கண்ணாடியக் கழட்டுங்க மச்சான்."

வீடே சிரித்தது. வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்த என்னையே பார்த்தார்கள்.