சனிக்கிழமை லீவுக்கு நான்கு வாதங்கள்

"சார், சனிக்கிழமை எனக்கு லீவு வேணும். உடம்பு சரியில்லை."

சலவைக்கடை முதலாளி, சட்டைக் காலரில் இருந்த மைக்கறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை உடம்பு சரியில்லாம போகும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

கவுண்டரில் ரசீது போடும் அவள் ரசீதுப் புத்தகத்தின் மேல் குனிந்துகொண்டாள். சனிக்கிழமை சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வு. எட்டு மாதமாக பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தவள். உண்மையைச் சொன்னால், ஓடப்போகிற ஆள் என்று இன்றைக்கே வேறு ஆள் தேடிவிடுவாரோ என்று பயம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள், உள்ளே இஸ்திரி போடும் அண்ணன். "என்ன வக்கீலம்மா, முதல் கேஸே தள்ளுபடியா?" என்று கிசுகிசுத்தார்.

அவள் தேர்வுக்குப் படிக்கும் தர்க்கப் புத்தகத்தைப் புரட்டினாள். எதிராளி முதல் வாக்கியத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் முடிவை மறுக்க முடியாது என்று போட்டிருந்தது.

"சார், ஒரு சந்தேகம். வேலையே இல்லைன்னா கடைக்கு ஆள் வேண்டாம்தானே?"

"வேண்டாம்."

மாட்டினார்! இரண்டு நாள் அவளும் அண்ணனும் பேய் மாதிரி உழைத்தார்கள். துணி தயாரானதும் கடை வழக்கப்படி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை மதியம் அழுக்குக்கூடை காலி.

"வேலை இல்லை சார். ஆக, ஆளும் வேண்டாம்."

"அறுபது பேருக்குப் போன் பண்ணினியே, அவங்க எப்ப வருவாங்க?"

"...நாளைக்கு."

"எடுத்துக் கொடுக்கறது வேலையில்லையா? உன் முதல் வாக்கியமே தப்பு."

தினம் பத்துப் பேர் வருகிற கடைக்கு அறுபது பேரை அவளே அழைத்திருக்கிறாள்!

"அப்ப அண்ணன் கவுண்டரைப் பார்த்துக்கட்டும் சார். இஸ்திரி போடத்தான் துணியே இல்லையே."

முதலாளி யோசித்தார். "வாஸ்தவம். துணி இல்லைன்னா இஸ்திரிக்கு ஆள் எதுக்கு? யோவ், நாளைக்கு உனக்கு லீவு!"

அண்ணன் பல்லெல்லாம் தெரிய நின்றார். "நல்லா வாதாடினே தாயி. நான் கேக்கவே இல்லை."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"சார், நாளைக்கு எனக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வு. இதை விட்டா ஒரு வருஷம் போச்சு."

முதலாளியின் கையிலிருந்த பேனா நழுவியது.

"எந்த சென்டர்?"

"மார்க்கெட் பின்னாடி இருக்கற ஸ்கூல், சார்."

"தர்க்கமெல்லாம் எப்படி?"

"அதுலதான் சார் எனக்கு நல்ல மார்க் வரும்."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப நிச்சயமா லீவு கிடையாது!"

"ஏன் சார்?"

"காரணமெல்லாம் கேக்காதே!"

மூன்று நாளாக ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டவர் இவர்தான். அவள் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி உள்ளே வந்தாள். பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு ரசீது போடும் பெண் பக்கம் திரும்பினாள்.

"நீ போய் நல்லா எழுதும்மா, கடையை நான் பார்த்துக்கறேன். நாலாவது வருஷமா இவரும் நாளைக்கு அதே பரீட்சைக்குத்தான் போறாரு."