அத்தைக்கு ராணி வேஷம்

“ஏங்க, உங்களுக்கு ஒரு மூக்கு வந்திருக்கு.”

மனைவி போனில் இதைச் சொன்னபோது பல் டாக்டர் ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லைக் குறடால் பிடித்திருந்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே சிக்கியிருந்தது.

“எந்த மூக்கு?”

“நீளமா, வளைஞ்சு, நுனியில மரு வச்சது. டெய்லரே நம்ம வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டார். அம்மாதான் கதவத் தொறந்தாங்க.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அதிர்ச்சியில் இழுத்த இழுப்பில் பல் சுத்தமாக வெளியே வந்துவிட்டது. வலியே தெரியவில்லை என்று நோயாளி வாய் நிறையப் பஞ்சோடு பாராட்டினார். அதைக் காதில் வாங்கும் நிலையில் டாக்டர் இல்லை.

விஷயம் இதுதான். பகலில் பல் பிடுங்குகிற டாக்டர், சாயங்காலங்களில் ஊர் நாடகக் குழுவுக்கு இயக்குநர். குழுவில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் உண்டு, பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் உண்டு, டெய்லர் உண்டு. நடிகர் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. அப்படிப்பட்ட குழுவுக்கு இந்த வருஷம் ஒரு விபரீத ஆசை வந்தது. குழந்தைகளுக்கான பழைய தேவதைக் கதை ஆப்பரா ஒன்றைத் தமிழ்ப் பாட்டுகளோடு மேடையேற்றுவது என்று. காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும், மிட்டாயால் கட்டிய வீடு, அவர்களைக் கொழுக்கவைத்துத் தின்னப் பார்க்கிற சூனியக்காரி, கடைசியில் அவளையே அடுப்புக்குள் தள்ளிவிடுகிற தங்கை. வசனம் கிடையாது. ‘கதவைத் திற’ என்பதைக்கூடப் பாடித்தான் சொல்ல வேண்டும்.

சூனியக்காரியாகப் பாட வேண்டிய பாங்க் அம்மாவுக்குத் திடீரென்று வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அந்தச் சுருதிக்கு எட்டுகிற தொண்டை ஊரில் வேறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தினமும் காலையில் டாக்டர் வீட்டுக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தது. மகள் வீட்டில் கொஞ்ச நாள் தங்கிப் போகலாம் என்று வந்திருந்த மாமியார்.

மாமியாரிடம் போய், ‘சூனியக்காரியாக நடியுங்கள்’ என்று எந்த மருமகன் கேட்பான்? அதுவும் இந்த மாமியாரிடம்? ஒரு கல்யாணத்தில் ‘பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று சொன்ன போட்டோகிராபர் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை, மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்த முகத்தோடு காத்து நிற்க வேண்டியதாயிற்று.

டாக்டர் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு உண்மையைச் சொல்லத்தான் போனார். ஆனால் ‘வலிக்காது, வலிக்காது’ என்று சொல்லியே பழகிய வாய், அவரைக் கேட்காமல் தன் வேலையைக் காட்டிவிட்டது.

“அத்தை, எங்க நாடகத்துல நீங்கதான்... ராணி.”

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தார். “எந்த ராணி?”

“காட்டு ராணி. கதையே அவங்கள வச்சுதான்.”

“சரி மாப்பிள்ளை. நீங்க இவ்ளோ ஆசையா கேக்குறப்ப மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டவருக்கு, இன்றைக்கு மூக்கு வந்து சேர்ந்திருந்தது.

சாயங்காலம் பூனைபோல வீட்டுக்குள் நுழைந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்த அத்தை சட்டென்று திரும்பினார். மூக்கு முகத்தில் இருந்தது.

“என்ன மாப்பிள்ளை இது?”

“ராஜ களை அத்தை. அந்தக் காலத்து ராணிங்களுக்கெல்லாம் மூக்கு எடுப்பா இருக்கும்.”

“நுனியில மரு இருக்கே?”

“மச்சம் அத்தை. அதிர்ஷ்ட மச்சம்.”

அத்தை விரலால் தடவிப் பார்த்தார். “அதிர்ஷ்டத்துல முடி வேற மொளச்சிருக்கே.”

“அது... பழைய வம்சம்.”

“அப்படியா? அப்ப கிரீடம் எங்க?”

டாக்டர் டெய்லர் கடைக்கு ஓடினார்.

“சூனியக்காரிக்கு எதுக்கு டாக்டர் கிரீடம்?” என்றார் டெய்லர்.

“அவ திருடினது.”

“யார்கிட்ட இருந்து? அது நாடகத்துல வரலியே.”

“தைச்சுக் குடுங்களேன் சார்!”

கிரீடம் வந்ததும் அத்தைக்குப் பாட்டின் மேல் சந்தேகம் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.

“‘கொழுகொழு கன்னம் கடித்துத் தின்பேன், எலும்பைக்கூட எடுத்து மெல்வேன்.’ இத என்ன பாவத்துல பாடணும் மாப்பிள்ளை?”

“பாசத்துல அத்தை. கொழந்தைங்களப் பாத்தா, ‘அப்படியே கடிச்சுத் தின்னலாம் போல இருக்கு’ன்னு நாம சொல்றதில்லையா?”

“எலும்ப மெல்றது?”

“அளவுக்கு மீறின பாசம்.”

அத்தை பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். “எழுதினவங்க இவ்ளோ ஆழமா யோசிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி, டாக்டரை மட்டும் ஜாடையால் உள்ளே கூப்பிட்டாள். “அம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா, அந்த அடுப்புக்குள்ள போறது நீங்கதான். சொல்லிட்டேன்.”

“நாடகம் முடிஞ்சதும் நானே பக்குவமா சொல்லிடறேன்.”

“முடிஞ்சப்புறம் சொல்ல நீங்க இருக்கணுமே!”

ஒத்திகையில் ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. எல்லாரும் அத்தையை ‘ராணியம்மா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அண்ணனாக நடித்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்டுக்கு வாயில் பூட்டே கிடையாது. வழுக்கைத் தலையில் சிறுவன் தொப்பியோடு வந்து நின்று, “வணக்கம்மா, நீங்கதான் அந்தச் சூனி...” என்று ஆரம்பித்தார்.

“சுனை!” டாக்டர் பாய்ந்தார். “சுனை ராணி. காட்டுச் சுனைக்குப் பக்கத்துல உங்க அரண்மனை அத்தை.”

பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ரிட்டயர்டு பாட்டு டீச்சர் அவர்; நாடகத்துக்கான தமிழ்ப் பாட்டுப் புத்தகமும் அவர் கொண்டுவந்ததுதான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறவர். மற்றவர்களும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அதற்குள் டெய்லர் நீளமான துடைப்பம் ஒன்றைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்துவிட்டார்.

“செங்கோலா?” என்றார் அத்தை.

“இல்ல அத்தை, துடைப்பம்தான். ரொம்ப எளிமையான ராணி. தன் அரண்மனையத் தானே பெருக்கிக்குவாங்க.”

“பறந்துகிட்டேவா? அப்படித்தானே பாட்டுல போட்டிருக்கு?”

“சுறுசுறுப்பு அத்தை!”

கடைசியாக அடுப்பு வந்தது. ஆள் உயர அட்டை, நடுவில் கதவு, உள்ளே சிவப்பு பல்பு. தங்கையாக நடித்த பி.டி. டீச்சர் அண்ணனைவிட ஒரு முழம் உயரம். அவர் பின்னாலிருந்து தள்ள, அத்தை உள்ளே போய் விழ வேண்டும். கீழே மெத்தை போட்டிருந்தது.

“இது என்ன அறை மாப்பிள்ளை?”

“சிம்மாசன அறை.”

“எதுக்குத் தள்றாங்க?”

“மக்களோட ஆர்வம் அத்தை. கூட்டம் முண்டியடிக்குது.”

“புகைபோக்கி இருக்கே?”

டாக்டருக்குச் சரக்கு தீர்ந்துபோயிற்று. “குளிர் நாடு,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

வீடு திரும்பும் வழியில் அத்தை உற்சாகமாக இருந்தார். “நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மாப்பிள்ளை. உங்க பெரிய மாமா, ரெண்டு சித்திங்க, அவங்க சம்பந்தி வீடு, எல்லாரும் வராங்க. ‘மாப்பிள்ளை என்னை ராணியாக்கி உக்கார வச்சிருக்கார், வந்து பாருங்க’ன்னு சொன்னேன். முன் வரிசைய ஒதுக்கிடுங்க.”

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு மாமியார் என்றால் காலில் விழுந்துவிடலாம். முன் வரிசை பூராவும் விழுவது எப்படி?

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நாடகத்தின் முடிவையே மாற்றிவிடுவது. மறுநாள் ஏஜெண்ட்டையும் பி.டி. டீச்சரையும் கிளினிக்குக்கே வரவழைத்தார்.

“அடுப்புக்குள்ள தள்ள வேண்டாம். அந்த எடத்துல நீங்க ரெண்டு பேரும் மரியாதையா குனிஞ்சு வணங்கணும். அவ்ளோதான்.”

“அப்ப சூனியக்காரி சாக மாட்டாளா?” பி.டி. டீச்சருக்கு முகம் தொங்கிப்போயிற்று. தள்ளுவதற்கென்றே அவர் தினமும் தண்டால் எடுத்துவந்தார்.

“மாட்டா.”

“பின்ன என்ன ஆவா?”

“ராஜினாமா பண்ணிடுவா.”

ஏஜெண்ட் தலையைச் சொறிந்தார். “எங்களக் கொழுக்கவச்சதுக்கு?”

“மன்னிச்சுட்டீங்க! போங்க!”

நாடகத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் பெரிய மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சித்திகள் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “ராணியா வராங்களே, அது எங்க அக்கா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மேடைக்குப் பக்கவாட்டில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீலை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் சரி.

மிட்டாய் வீட்டின் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தார்.

கிரீடத்தைக் காணோம். தலைமயிரை விரித்துப் போட்டிருந்தார். முதுகு கூன் விழுந்திருந்தது. ஒத்திகையில் நிமிர்ந்து நடந்த நடை எங்கே போயிற்றோ, ஒரு காலை இழுத்து இழுத்து மேடையின் விளிம்புவரை வந்தார். முன் வரிசையைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

அப்படி ஒரு சிரிப்பை அத்தையிடம் டாக்டர் கேட்டதே இல்லை. எங்கோ அடித்தொண்டையில் தொடங்கி, உச்சிக்கு ஏறி, உடைந்து, மறுபடி ஏறியது. பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. பெரிய மாமா நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். டாக்டர் திரைச்சீலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க இது?” மனைவி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். “அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“தெரியலியே! பயத்துல பாட்ட மாத்திப் பாடறாங்களா?”

மாற்றவில்லை. ஒரு சொல் பிசகவில்லை. ‘எலும்பைக்கூட எடுத்து மெல்வேன்’ என்ற இடத்தில் ஏஜெண்ட்டின் வயிற்றைக் கையால் அளந்து பார்த்து, உதட்டை நக்கிக்கொண்டார். ஏஜெண்ட் நடிப்பை மறந்து நிஜமாகவே பின்வாங்கி, மிட்டாய் வீட்டின் ஒரு சுவரைச் சாய்த்துவிட்டார். சாய்ந்த சுவரின் மேல் ஏறி நின்று அத்தை துடைப்பத்தைச் சுழற்றினார். அரங்கம் அதிர்ந்தது.

அடுப்புக் காட்சி வந்தது. அத்தை அடுப்பின் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏஜெண்ட்டும் பி.டி. டீச்சரும் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பி, பவ்யமாகக் குனிந்தார்கள்.

பியானோ நின்றது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வணங்கி நிற்கிற இருவரையும் பார்த்தார். பக்கவாட்டில் நின்ற டாக்டரையும் பார்த்தார். டாக்டர் சட்டென்று திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தார்.

அத்தை சுருதி விலகாமல் பாடினார்.

“தள்ளடி பெண்ணே, தள்ளடி! தின்ற சோற்றுக்குத் தள்ளடி!”

பி.டி. டீச்சருக்கு அது போதும். இத்தனை நாள் எடுத்த தண்டாலையெல்லாம் சேர்த்து ஒரே தள்ளு. அத்தை ஓர் உச்சஸ்தாயியைப் பிடித்துக்கொண்டே அடுப்புக்குள் பாய்ந்தார். உள்ளிருந்தும் அந்தக் குரல் அறுபடவில்லை. அட்டைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பியானோ இடிபோல முழங்கியது.

முழு அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. பெரிய மாமா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

டாக்டர் மேடைக்குப் பின்னால் ஓடினார். அடுப்பின் மறுபக்கம் மெத்தையில் அத்தை கால்நீட்டி உட்கார்ந்து, மூக்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“அத்தை! அடி பட்டுதா? அத்தை, நான்... நான் வந்து...”

அத்தை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாந்தமாக நிமிர்ந்தார்.

“சிம்மாசன அறையில பல்பு கண்ணக் குத்துது மாப்பிள்ளை. நாளைக்கு மாத்திடச் சொல்லுங்க.” எழுந்து புடவையை உதறினார். “மத்தபடி ராணி வேஷம் எனக்குப் பொருத்தமாதான் இருந்துது.”

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்காரர்களைப் பார்க்கக் கம்பீரமாக நடந்துபோனார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு இன்னுமா ராணி? பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த பியானோ அம்மாளை வழிமறித்தார்.

“டீச்சர், நீங்களே சொல்லுங்க. அவங்களுக்கு அது சூனியக்காரி வேஷம்னு இன்னுமா தெரியல?”

பியானோ அம்மாள் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

“நல்லா கேட்டீங்க டாக்டர்! அவங்க கல்யாணத்துக்கு முந்தி, எங்க ஊர்ல இந்த நாடகத்துக்குத் தமிழ்ல பாட்டெல்லாம் எழுதி, அந்த வேஷத்தையும் கட்டினதே உங்க அத்தைதானே!”