பலூனுக்கு என்று சொல்லியிருக்கலாம்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வட்டவளையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, லொறி கிளீனராகி, பிறகு ஹட்டனில் சொந்தமாக நான்கு லொறி வைத்திருந்தவன். (ஒன்று ஓடாது.) வாய்தான் என்னை வளர்த்தது என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்த வாய் ஒரு நல்ல மனிதரை என்ன செய்தது என்பதைச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில், நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விஞ்ஞான அறை கட்டிக் கொடுத்தேன். திறப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினரும் நானே. (என்னை நானே அழைத்துக்கொண்டேன்.) அங்கே சயன்ஸ் படிப்பித்த மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பலூன் பறக்கவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட ஹீலியம் கிடைக்குமா என்று கேட்டார். அது என்னவென்று கேட்டேன். அரைமணி நேரம் சொன்னார்.

அது எதோடும் சேராத ஒரு வாயுவாம். மண்ணுக்கடியில் சில நாடுகளில்தான் அகப்படுமாம். திறந்துவிட்டால் வானத்தையும் தாண்டிப் போய்விடும், திரும்பாதாம். பெரிய ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினைக் குளிர வைப்பதும் அதுதான், ரொக்கட்டில் எரிபொருளைத் தள்ளிக் கொடுப்பதும் அதுதான். நிலாவில் அதிலேயே இன்னொரு வகை இருக்கிறதாம். சூரியன் எரிகிற மாதிரி அதை எரிக்கக் கற்றுக்கொண்டால், ஒரு லொறிச் சுமை போதும், பொல்பிட்டிய மாதிரிப் பவர் ஸ்டேஷன் எத்தனையோ மூடிவிடலாமாம். லொறி என்றதும் எனக்கு அது சொந்த விஷயமாகிவிட்டது.

கொழும்பில் தேடி ஒரு சிலிண்டர் வாங்கி, நானே லொறியில் ஏறி வந்தேன். வழியில் சோதனைச் சாவடி. சிப்பாய் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

டிரைவர் செல்லையா என் காதருகே, "பலூனுக்குன்னு சொல்லுங்க மொதலாளி" என்றான்.

பிரதம விருந்தினர் பலூன்காரன் ஆவதா? தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, இது ரொக்கட்டுக்குப் போடுகிற சாமான், நாளைக்கு உலகத்தையே ஆளப்போவது இதுதான் என்று விளக்கினேன். யுத்த காலம். தமிழன் லொறி. ரொக்கட். சிப்பாய் துவக்கைத் தூக்கினான்.

முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் சொல்லித் தந்தது யார் என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். அப்போதாவது வாயை மூடினேனா? மாஸ்டரின் பெயர், ஊர், அவர் தங்கியிருந்த வீட்டு விலாசம் எல்லாம் சொன்னேன். என் ஆயுளில் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

மத்தியானம் கொழும்புக் கடைக்கு போன் போட்டார்கள். கடைக்காரர் பலூனுக்கு என்றாராம். உடனே பலூன் வாங்கி ஊதிப் பார்த்தார்கள். கூரையில் போய் முட்டி நின்றது. சிரித்தார்கள். சிலிண்டர் காலியாகும்வரை ஊதிவிட்டு, என் கையிலும் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மாஸ்டரை அதற்குள் வகுப்பிலிருந்து கூட்டிப் போயிருந்தார்கள். அவரை விடுவிக்கப் பதினொரு நாள் ஆனது. யாழ்ப்பாணத்துக்காரர் பலூன் என்றால் நம்புவதற்கு அங்கே ஆளில்லை.

போய்ப் பார்த்தேன். புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஹீலியம் ஒண்டோடையும் சேராத வாயு எண்டு சொன்னனான் ஐயா. அதோட என்னைச் சேத்து விட்டிட்டியள்."

அடுத்த ரயிலில் போய்விட்டார். என் பெயரைப் பெரிதாகப் பொறித்த அந்த அறையில் பல வருஷம் உடைந்த மேசைகள்தான் படித்தன.

இப்போதும் வீட்டில் நான் பெருமை பேசத் தொடங்கினால், மனைவி சோற்றைப் போட்டபடியே, "பலூனுக்குன்னு சொல்லுங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தக் கதையில் மாஸ்டரின் பெயரை மட்டும் நான் சொல்வதில்லை. ஒருமுறை சொன்னதே போதும்.